வீட்டுக்குள் குடித்தவரை விட்டுவிட்ட சட்டம்: அமெரிக்க மதுவிலக்கு அமலான விதம்

1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு இருந்ததாகப் படிக்கிறோமே, அப்படியானால் குடித்தவர்களை வீடு புகுந்து கைது செய்தார்களா, இல்லை சட்டம் வெறும் ஏட்டளவில்தான் இருந்ததா, சிகாகோவின் கள்ளமதுக் கும்பல் தலைவன் அல் கபோனைப் பிடிக்க வருமான வரி வழக்கு ஏன் தேவைப்பட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றுதான்: கோடிக்கணக்கானவர்கள் மீறத் தயாராக இருந்த ஒரு சட்டத்தை ஓர் அரசு எந்தக் கருவிகளைக் கொண்டு, யார் மீது செலுத்தியது? அமெரிக்க அரசமைப்புச் சட்ட வரலாற்றைப் பல ஆண்டுகள் மாணவர்களுக்குக் கற்பித்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நான் அறிந்ததெல்லாம் பெரும்பாலும் தீர்ப்புகள், சட்ட வாசகங்கள், அரசு அறிக்கைகள் வழியாக அறிந்தவை. நீதிமன்றம் வரை வராமல் தெருவிலேயே பேசி முடிக்கப்பட்ட விவகாரங்கள் அந்த ஆவணங்களில் சிக்குவதில்லை. இந்தப் பதிலில் உள்ள பெரிய குறை அதுதான்.

சட்டத்தின் வாசகத்திலிருந்து தொடங்கினால் குழப்பத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். 1919 ஜனவரி 16 அன்று மாநிலங்களின் ஒப்புதலைப் பெற்று, ஓராண்டு கழித்து 1920 ஜனவரி 17 அன்று நடைமுறைக்கு வந்த 18ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்தம், போதை தரும் மதுவைத் தயாரிப்பதையும் விற்பதையும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு செல்வதையும், ஏற்றுமதி இறக்குமதியையும் தடை செய்தது. குடிப்பதைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அதைச் செயல்படுத்துவதற்காக, அதிபர் வில்சனின் மறுப்பாணையை மீறி 1919 அக்டோபர் 28 அன்று காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றியதுதான் வோல்ஸ்டெட் சட்டம். அரை சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது போதை தரும் மது என்று அச்சட்டம் வரையறுத்ததால், சாதாரண பீரும் ஒயினும்கூடத் தடைக்குள் வந்தன. வடித்த சாராயத்தை மட்டும்தான் தடுக்கப் போகிறார்கள் என்று நம்பித் திருத்தத்தை ஆதரித்த பலருக்கு இது அதிர்ச்சியாக இருந்தது.

அதே சட்டம், ஒருவர் தம் சொந்த வீட்டில் தமக்கும் குடும்பத்தாருக்கும் உண்மையான விருந்தினர்களுக்கும் மட்டும் என்று வைத்திருக்கும் மதுவைக் குற்றமாகக் கருதவில்லை. அது முறைப்படி பெறப்பட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பை மட்டும் வீட்டுக்காரர் தலையில் வைத்தது. குடியிருக்கும் வீட்டைச் சோதனையிட வாரண்ட் வேண்டுமென்றால், அங்கே விற்பனையோ வேறு வியாபாரமோ நடக்கிறது என்று காட்டியாக வேண்டும். கையில் பணமிருந்தவர்கள் 1919ஆம் ஆண்டு முழுவதும் தங்கள் நிலவறைகளை நிரப்பிக்கொண்டதற்கு இதுவே காரணம். வாங்குபவர் குற்றவாளியா என்ற கேள்வி 1930இல் ஃபரார் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. மதுவை விலைக்கு வாங்கியவரை வோல்ஸ்டெட் சட்டத்தின் கீழ் தண்டிக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. எனவே உங்கள் முதல் கேள்விக்கு, மத்திய சட்டத்தைப் பொறுத்தவரை, இல்லை என்பது உறுதியான பதில். ஆனால் சில மாநிலங்களின் சட்டங்கள் இதைவிடக் கடுமையானவை. கன்சாஸ் 1917இலும் இண்டியானா 1925இலும் கொண்டுவந்த சட்டங்கள் மதுவை வைத்திருப்பதையே குற்றமாக்கின. ஆகவே எந்த ஊரில், எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேட்காமல் பொதுப்படையாகப் பேசினால் தவறிவிடுவோம்.

இனி ஆட்கள். அமலாக்கும் பொறுப்பு முதலில் காவல் துறையைப் போன்ற ஓர் அமைப்பிடம் தரப்படவில்லை; வரி வசூலிக்கும் உள்நாட்டு வருவாய்த் துறைக்குள் ஒரு பிரிவாக அது தொடங்கியது. பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மக்கள் தொகை கொண்ட நாட்டுக்குத் தொடக்கத்தில் இருந்த மதுவிலக்கு அதிகாரிகள் சுமார் 1,500 பேர். பின்னாளிலும் அந்த எண்ணிக்கை மூவாயிரத்தை ஒட்டியே நின்றது. சம்பளம் சொற்பம். குடிமைப் பணித் தேர்விலிருந்து இப்பதவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்ததால், கட்சிக்காரர்களும் காங்கிரஸ் உறுப்பினர்களும் கை காட்டியவர்களுக்கே வேலை கிடைத்தது. 1927இல் இப்பிரிவு தனிப் பணியகமாக்கப்பட்டு, ஏற்கெனவே பணியிலிருந்தவர்களும் தேர்வு எழுத வேண்டும் என்று விதித்தபோது அவர்களில் பெரும்பாலோர் தேர்ச்சி பெறவில்லை. முதல் பத்தாண்டுகளில் வேலைக்கு எடுக்கப்பட்ட பதினேழாயிரத்துச் சொச்சம் பேரில் ஏறத்தாழ 1,600 பேர் லஞ்சம், மோசடி, குடி போன்ற குற்றங்களுக்காக நீக்கப்பட்டார்கள். இது பிடிபட்டவர்களின் கணக்கு மட்டுமே.

எல்லோரும் அப்படியிருக்கவில்லை என்பதற்கு நியூயார்க்கில் ஒரு ஜோடி உண்டு. இஸ்ஸி ஐன்ஸ்டைன் தபால் அலுவலக எழுத்தராக இருந்தவர். குள்ளமான, பருத்த உருவம். பார்த்தால் அதிகாரி என்று யாரும் சொல்லமாட்டார்கள். தம் நண்பர் மோ ஸ்மித்துடன் சேர்ந்து விதவிதமான வேடங்களில் ரகசிய மதுக்கூடங்களுக்குள் நுழைவார். அங்கே ஒரு சிக்கல் இருந்தது. வாங்கிய மதுவைக் குடித்துவிட்டால் சாட்சியம் போய்விடும். குடிக்காமல் வைத்திருந்தால் கடைக்காரர் பறித்துக் கொட்டிவிடுவார். அதனால் இஸ்ஸி தம் உள்சட்டைப் பையில் ஒரு சிறு புனலைத் தைத்து, அதிலிருந்து ஒரு குழாயை உடைக்குள் மறைத்து வைத்த புட்டிக்கு இறக்கியிருந்தார். கோப்பையை வாயருகே கொண்டுபோவது போல் பாவனை செய்து புனலில் ஊற்றிவிட்டால் வழக்குக்கு வேண்டிய பொருள் பத்திரமாகிவிடும். இருவரும் சேர்ந்து செய்த கைதுகள் 4,932 என்றும், அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தண்டனையில் முடிந்தன என்றும் பதிவாகியுள்ளது. பத்திரிகைகளில் தங்கள் மேலதிகாரிகளைவிட அதிகமாகப் பேசப்பட்டுவிட்ட இருவரையும் 1925 நவம்பரில் வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் அதிகாரிகளின் அன்றாட வேலை இத்தகைய சாகசமல்ல. அது பெரும்பாலும் பர்மிட் காகிதங்களைப் பார்ப்பது. ஏனென்றால் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் விஸ்கி, தேவாலயச் சடங்குக்கான ஒயின், தொழிற்சாலைக்கான எரிசாராயம் ஆகிய மூன்றும் சட்டப்படியே புழக்கத்தில் இருந்தன. நோயாளி ஒருவருக்குப் பத்து நாளைக்கு ஒரு பைன்ட் (ஏறத்தாழ அரை லிட்டர்) வரை மருத்துவர் எழுதலாம். அதற்கென்று அரசே அச்சடித்த சீட்டுகள் உண்டு. இந்த வாசலில்தான் பெரிய கைகள் நுழைந்தன. சின்சினாட்டியில் இயங்கிய ஜார்ஜ் ரீமஸ் ஒரு வழக்கறிஞர். சட்டத்தை வரி வரியாகப் படித்தவர். வடிசாலைகளையும் மருந்துக் கம்பெனிகளையும் விலைக்கு வாங்கி, பர்மிட்டின் பேரில் மருத்துவ விஸ்கியை வெளியே எடுத்து, தம் லாரிகளைத் தம் ஆட்களைக் கொண்டே கொள்ளையடிக்கச் செய்து கள்ளச் சந்தைக்குத் திருப்பினார். 1924இல் அட்லாண்டா சிறைக்குப் போகும் வரை காகிதத்தில் எல்லாமே சரியாகத்தான் இருந்தது.

திருத்தத்தின் இரண்டாம் பிரிவு, அமலாக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் ஒருசேரக் கொடுத்திருந்தது. தெருத்தெருவாக ஆள் வைத்திருந்தது மாநில, நகரக் காவல் துறைகள்தான் என்பதால் மத்திய அரசு அவற்றையே நம்பியிருந்தது. மேரிலாந்து ஒரு மாநிலச் சட்டத்தைக்கூட நிறைவேற்றவில்லை. நியூயார்க் 1921இல் ஒன்றைக் கொண்டுவந்து, நீதிமன்றங்கள் வழக்குகளால் திணறியதைப் பார்த்துவிட்டு, 1923இல் ஆளுநர் அல் ஸ்மித்தின் கையெழுத்தோடு அதை நீக்கிவிட்டது. அதன் பின் நியூயார்க் நகரக் காவலருக்கு மதுக்கூடத்தை மூடிவைக்கும் கடமையைத் தரும் மாநிலச் சட்டமே இல்லை. மறுபுறம், இரண்டு சட்டங்களும் இருந்த இடத்தில் ஒரே செயலுக்காக மாநிலமும் மத்திய அரசும் தனித்தனியே தண்டிக்கலாம் என்று 1922இல் லான்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரே நாட்டில் ஓர் ஆற்றைத் தாண்டினால் சட்டத்தின் எடை மாறியது.

நீதிமன்றங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அமலாக்கம் உண்மையில் அங்கேதான் சிக்கிக்கொண்டது. 1920களின் பிற்பகுதியில் மத்திய நீதிமன்றங்களின் குற்ற வழக்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை மதுவிலக்கு வழக்குகள். ஒவ்வொன்றையும் ஜூரி முன் விசாரிப்பது நடக்காத காரியம். ஆகவே சில நீதிமன்றங்கள் குறிப்பிட்ட நாட்களை ஒதுக்கி, குற்றத்தை ஒப்புக்கொள்பவர்களைக் கூட்டம் கூட்டமாக நிறுத்திச் சிறிய அபராதத்தோடு அனுப்பிவைத்தன. வழக்கறிஞர்கள் இவற்றைத் தள்ளுபடி விற்பனை நாட்கள் என்றே அழைத்தார்கள். அடிக்கடி பிடிபடும் வியாபாரிக்கு அபராதம் என்பது உரிமக் கட்டணம் போல ஆகிவிட்டது. நியூயார்க்கில் மத்திய அரசு வழக்கறிஞராக 1925இல் பொறுப்பேற்ற எமரி பக்னர் வேறு வழி கண்டார். ஆளை விட்டுவிட்டு இடத்தைப் பிடிப்பது அது: மது விற்கும் இடத்தைப் பொதுத் தொல்லை என்று அறிவித்து, ஜூரி இல்லாமலே தடையாணை பெற்று ஓராண்டு வரை பூட்டி சீல் வைக்க வோல்ஸ்டெட் சட்டத்தில் இடமிருந்தது. வாடகை நின்றுபோன கட்டட உரிமையாளருக்கு இது உறைத்தது. ஆனாலும் ஒரு கதவு பூட்டப்பட்டால் பக்கத்துத் தெருவில் இன்னொன்று திறந்தது.

ஆள் போதாத அரசு வேறு கருவிகளைத் தேடியதன் விளைவாகப் பிறந்த தீர்ப்புகள் இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படுகின்றன. மிச்சிகனில் ஜார்ஜ் காரல் என்பவர் 1921 செப்டம்பரில் மூன்று பெட்டி விஸ்கி தருவதாகப் பேசிவிட்டுப் போய்த் திரும்பி வரவில்லை. வாங்க வந்தவர்களாக நடித்தவர்கள் மதுவிலக்கு அதிகாரிகள். டிசம்பர் 15 அன்று அதே அதிகாரிகள் டெட்ராய்ட்டிலிருந்து கிராண்ட் ராபிட்ஸ் வரும் சாலையில் அவருடைய ஓல்ட்ஸ்மொபைல் காரைக் கண்டு நிறுத்தினார்கள். டெட்ராய்ட் ஆற்றுக்கு அக்கரை கனடா; மது கடத்தி வரும் பெருவழி அது. கையில் வாரண்ட் இல்லை. காரில் எதுவும் தென்படவில்லை. ஓர் அதிகாரி இருக்கையின் சாய்மானத்தைத் தட்டிப் பார்க்க, அது வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது. மெத்தையைப் பிரித்தால் பஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் 68 புட்டிகள். காரல் நோட்டுக் கட்டு ஒன்றை எடுத்து நீட்டி, இந்த ஒரு தடவை விட்டுவிடுமாறு கேட்டதும் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. வீடு நகராது, கார் நகர்ந்துவிடும். ஆகவே தகுந்த காரணம் இருந்தால் வாரண்ட் இல்லாமலே வண்டியைச் சோதனையிடலாம் என்று 1925இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. மதுவிலக்கு போய்விட்டது; அந்த விதி போகவில்லை.

தொலைபேசிக்கும் இதே கதை. சியாட்டில் காவல் துறையில் லெப்டினன்டாக இருந்து நீக்கப்பட்ட ராய் ஓல்ம்ஸ்டெட், கனடாவிலிருந்து மது கடத்தும் ஒரு நிறுவனத்தையே நடத்தினார். ஐம்பது பேருக்கும் மேல் வேலை செய்தார்கள். அதிகாரிகள் அவருடைய வீட்டுக்குள் கால் வைக்காமல், தெருவில் போகும் கம்பிகளிலும் அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்திலும் இணைப்புக் கொடுத்து மாதக் கணக்கில் ஒட்டுக்கேட்டுப் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்தார்கள். வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி ஒட்டுக்கேட்பதே குற்றம் என்பது இதில் வேடிக்கை. 1928இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சாட்சியத்தை ஏற்றது. ஒட்டுக்கேட்பது தனியுரிமையை மீறுவது என்று நீதிபதி பிராண்டைஸ் அன்று எழுதிய மாறுபட்ட தீர்ப்புதான் காலப்போக்கில் வென்றது. 1967இல் நீதிமன்றம் தன் நிலையை மாற்றிக்கொண்டது. கடலில், கரையிலிருந்து மூன்று மைலுக்கு அப்பால் வரிசை கட்டி நின்ற மதுக் கப்பல்களைத் துரத்தக் கடற்படையின் பழைய போர்க்கப்பல்களைக் கடலோரக் காவல் படைக்குக் கொடுத்தார்கள். பிரிட்டனோடு 1924இல் செய்துகொண்ட ஒப்பந்தம் அந்த எல்லையைக் கப்பலின் ஒரு மணி நேர ஓட்டத் தொலைவுக்குத் தள்ளியது.

எரிசாராயத்தின் விஷயத்தில் மட்டும் உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்தே ஆக வேண்டும், ஏனென்றால் இணையத்தில் மிகைபடச் சொல்லப்படுவது இதுதான். தொழிற்சாலைச் சாராயத்தைக் குடிக்க முடியாததாக்க அதில் மெத்தனால் உள்ளிட்ட பொருள்களைக் கலக்க வேண்டும் என்பது மதுவிலக்குக்கு முன்பே இருந்த வரி விதி. கடத்தல்காரர்கள் அதைத் திருடி மீண்டும் வடித்து விற்றதால், 1926 இறுதியில் அரசு மெத்தனாலின் அளவைக் கூட்டியது. அந்தக் கிறிஸ்துமஸ் நாட்களில் நியூயார்க் மருத்துவமனைகளில் சாவுகள் நிகழ்ந்ததும், நகரின் தலைமை மருத்துவ ஆய்வாளர் சார்லஸ் நாரிஸ் அரசே விஷம் வைக்கிறது என்று வெளிப்படையாகக் கண்டித்ததும் உறுதியானவை. ஆனால் அரசு பத்தாயிரம் பேரைக் கொன்றது என்று அடிக்கடி காணும் எண், பெயர்ப் பட்டியலிலிருந்து கூட்டி வந்ததல்ல. அது ஒரு தோராய மதிப்பீடு. யார் எந்தச் சாராயத்தால் இறந்தார் என்று அக்கால இறப்புச் சான்றுகளைக் கொண்டு பிரிக்க முடியாது. குடிப்பவர்களைக் கொல்லவேண்டும் என்பது நோக்கமாக இருந்தது என்று நானும் சொல்லமாட்டேன். இறப்பார்கள் என்று தெரிந்தும் கலந்தார்கள் என்பதை மறுக்கவும் மாட்டேன்.

சட்டம் ஏட்டளவில்தான் இருந்தது என்ற கருத்து, நட்சத்திர விடுதிகளில் குடித்தவர்களின் நினைவுகளிலிருந்து வருவது. ஏழைகளின் தெருவில் அது மிகவும் உயிரோடு இருந்தது. மிச்சிகனில் 1928இல் எட்டா மே மில்லர் என்ற பத்துப் பிள்ளைகளின் தாய், நான்காவது முறை மதுக் குற்றத்தில் பிடிபட்டதால், தொடர் குற்றவாளிகளுக்கான மாநிலச் சட்டப்படி ஆயுள் தண்டனை பெற்றார். நாடே கொந்தளித்த பிறகுதான் அந்தச் சட்டம் தளர்த்தப்பட்டது. அதற்கு மறு ஆண்டே மத்திய அரசின் ஜோன்ஸ் சட்டம், உச்சத் தண்டனையை ஐந்தாண்டுச் சிறை, பத்தாயிரம் டாலர் அபராதம் என்று உயர்த்தியது. இல்லினாயின் அரோராவில் 1929 மார்ச்சில் நடந்த ஒரு வீட்டுச் சோதனையில் இல்லத்தரசி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாநிலத்தின் வில்லியம்சன் மாவட்டத்தில், முன்னாள் மதுவிலக்கு அதிகாரி ஒருவர் கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்களைத் திரட்டிக்கொண்டு 1923 டிசம்பரில் இறங்கிய சோதனைகளின் குறி, இத்தாலியச் சுரங்கத் தொழிலாளர்களின் வீடுகள். அவர்களுக்கு ஒயின் என்பது சாப்பாட்டோடு சேர்ந்தது.

சட்டத்தை வருமானமாக்கிக்கொண்ட ஊர்களும் இருந்தன. ஒஹாயோவின் நார்த் காலேஜ் ஹில் என்ற சிற்றூரில் மேயரே நீதிபதி. மது வழக்கில் தண்டனை கொடுத்தால் மட்டுமே அவருக்கு வழக்குக் கட்டணம் கிடைக்கும், விடுதலை செய்தால் எதுவும் கிடையாது. அபராதத்தில் ஒரு பகுதி ஊர்க் கஜானாவுக்கும் போகும். டூமி என்பவருக்கு நூறு டாலர் அபராதம் விதித்ததில் மேயருக்குக் கிடைத்தது 12 டாலர். அந்தப் பன்னிரண்டு டாலர்தான் வழக்கையே கவிழ்த்தது: தண்டனையில் சொந்த ஆதாயம் உள்ளவர் நீதி வழங்க முடியாது என்று 1927இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது.

இனி கபோன். கடைநிலை விற்பனையாளர் மதுவோடு கையும் களவுமாகப் பிடிபடுவார். மேலே இருப்பவர் புட்டியைத் தொடுவதே இல்லை. அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல சிகாகோவில் யாரும் துணியவில்லை. மதுவிலக்கு வழக்குகளுக்குப் பொறுப்பாக நீதித் துறையில் 1921 முதல் 1929 வரை இருந்த மேபெல் வாக்கர் வில்லபிராண்ட், சட்டவிரோத வருமானத்துக்கும் வரி உண்டு என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய் 1927இல் சல்லிவன் வழக்கில் வென்றார். அந்தத் தீர்ப்பு இல்லாமல் கபோன் வழக்கு இல்லை. மதுவிலக்கு அதிகாரி எலியட் நெஸ்ஸின் குழுவினர் வடிசாலைகளை உடைத்ததும், ஆயிரக்கணக்கான மதுவிலக்கு மீறல்களை அடுக்கி 1931 ஜூனில் குற்றப்பத்திரிகை வந்ததும் உண்மையே. ஆனால் அந்த வழக்கு விசாரணைக்கே வரவில்லை. வரித் துறையின் புலனாய்வாளர்கள் கணக்குப் புத்தகங்களைப் புரட்டிக் கட்டிய வழக்கில்தான் அக்டோபரில் அவருக்குப் பதினோராண்டுச் சிறை கிடைத்தது. திரைப்படங்களில் நெஸ்ஸுக்குக் கிடைத்த புகழில் பெரும் பங்கு அந்தக் கணக்காளர்களுக்குச் சேர வேண்டியது என்பது என் எண்ணம்.

இத்தனை செய்தும் குடி குறைந்ததா என்று அடுத்து கேட்பீர்கள். வரி கட்டாத பொருளுக்கு விற்பனைக் கணக்கு இராது. கல்லீரல் சுருக்க நோய்ச் சாவுகள், குடிபோதைக் கைதுகள் போன்ற மறைமுகத் தடயங்களை வைத்துத்தான் ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். முதல் ஓரிரு ஆண்டுகளில் குடி வெகுவாகக் குறைந்தது, பிறகு படிப்படியாக ஏறியது, ஆனாலும் மதுவிலக்குக்கு முந்தைய அளவை எட்டவில்லை என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணிப்பு. அந்தக் குறைவில் எவ்வளவு அமலாக்கத்தால், எவ்வளவு வெறும் விலையேற்றத்தால் என்பதில் கருத்து வேறுபாடு இன்னும் இருக்கிறது. அதிபர் ஹூவர் அமைத்த விக்கர்ஷாம் ஆணையம் 1931 ஜனவரியில் தந்த அறிக்கையே இந்தக் குழப்பத்துக்கு நல்ல சான்று: அமலாக்கம் போதவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, சட்டத்தை நீக்க வேண்டாம் என்று முடித்தது. உறுப்பினர்கள் தனித்தனியே இணைத்த குறிப்புகளோ வேறு திசைகளில் இழுத்தன.

1933 டிசம்பர் 5 அன்று 21ஆவது திருத்தம் ஏற்கப்பட்டதும் மத்திய மதுவிலக்கு முடிந்தது. மாநிலங்கள் விரும்பினால் தொடரலாம் என்ற நிலையில் மிசிசிப்பி 1966 வரை தொடர்ந்தது. நிலுவையிலிருந்த ஆயிரக்கணக்கான மத்திய வழக்குகள் என்னவாயின என்பதற்கு 1934 பிப்ரவரியில் வட கரோலினாவிலிருந்து வந்த சேம்பர்ஸ் வழக்கில் பதில் கிடைத்தது. தண்டிக்கும் அதிகாரத்துக்கு வேராக இருந்த திருத்தமே போய்விட்டதால், குற்றம் அதற்கு முன் நடந்திருந்தாலும் வழக்கை மேற்கொண்டு நடத்த முடியாது என்றது நீதிமன்றம். ஏற்கெனவே இறுதித் தீர்ப்புப் பெற்றுச் சிறையில் இருந்தவர்களின் நிலை தங்கள் முன் உள்ள கேள்வியில் அடங்காது என்றும் அதே தீர்ப்பில் குறிப்பிட்டது. நவம்பரில் தீர்ப்பு வந்தவர் உள்ளே இருந்தார். வாய்தா வாங்கி ஜனவரிக்குத் தள்ளிப்போட்டவர் வீட்டுக்குப் போனார்.